சூரியக் காற்றைத் தாண்டிப் போன தெருப்பாடகர்



பள்ளி விடுமுறை விட்டால் நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்களாவது ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ கிளம்பிவிடுகிறீர்கள். ஜமுனாமரத்தூர் வரை போய், அருவியில் குளித்து, திரும்பும்போது மலைத்தேனும் சாமை அரிசியும் வாங்கி வருகிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஆலங்காயம் பக்கமாக ஒரு திருப்பம் போட்டு, காவலூர் வானாய்வகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பொதுமக்களை எந்த நாளில், எந்த நேரத்தில் அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மேகம் இருந்தால் ஏமாற்றம்தான். மழை மாதங்களில் போக வேண்டாம்.

அங்கே போவதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டால், அந்த மலையின் இரவு வானம் உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றும். அவர் வானியல் படித்தவர் அல்ல. ஏழு வயதிலேயே பார்வை போனவர். தெருமுனைகளில் நின்று கிட்டார் வாசித்துப் பாடி, குவளையில் விழுந்த சில்லறையில் வாழ்ந்தவர். 1945ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். பெயர் பிளைண்ட் வில்லி ஜான்சன். இந்தக் காலாண்டில் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது அவரைத்தான்.

காவலூருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்து அதை மறைக்கப் போகிறது என்று உலகின் பல வானாய்வகங்கள் காத்திருந்தன. ஜவ்வாது மலையில் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி. பட்டாச்சார்யாவும் அவருடைய சகாவும் காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு முறை குறைந்து மீண்டது. கோளைச் சுற்றி வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அமெரிக்கர்கள் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியாலும் இதையே கண்டார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி வாயேஜர் 2, செப்டம்பர் 5ஆம் தேதி வாயேஜர் 1 என்று இரண்டு விண்கலங்களை அமெரிக்கா ஏவியது. வாயேஜர் 2, 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸின் பக்கத்தில் போய், காவலூரில் ஒளி குறைந்ததாக மட்டும் தெரிந்த அந்த வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது. அதே ஜனவரியில்தான் காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும், அதை அங்கே உருவாக்கிவிட்டு 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

இரண்டு கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் உள்ள 27 இசைத் துண்டுகளில் ஒன்று, நம் தெருப்பாடகர் பாடி வாசித்தது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கதை.

சுருட்டுப் பெட்டிக் கிட்டார்

வில்லி ஜான்சன் 1897 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பெண்டில்டன் என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த வட்டாரம் முழுக்கப் பருத்திக் காடு. குடும்பம் பிறகு மார்லின் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனாக இருக்கும்போதே தாய் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார்.

ஐந்து வயதில் தந்தை ஒரு சுருட்டுப் பெட்டியில் தந்தி கட்டிக் கிட்டார் செய்து கொடுத்தாராம். ஏழு வயதில் பார்வை போனது. பிற்காலத்தில் அவருடைய மனைவி ஆஞ்சலின் சொன்ன விவரம் இது: தந்தைக்கும் சிற்றன்னைக்கும் நடந்த கடும் சண்டையில், சிற்றன்னை எடுத்து வீசிய காரநீர் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. சோப்புக் காய்ச்சப் பயன்படும், தோலையே அரிக்கும் காரம் அது. பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளை கண்ணைக் கொடுத்தான்.

அந்தக் காலத்து டெக்சாஸில் கண் தெரியாத கறுப்பினப் பிள்ளைக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று வீட்டுக்குப் பாரமாக உட்கார்ந்திருப்பது. இன்னொன்று பாடிப் பிழைப்பது. பருத்தி விற்க விவசாயிகள் கூடும் நாட்களில், பக்கத்து ஊர்களின் தெருமுனையில் தந்தை அவரைக் கொண்டுவந்து விடுவார். கிட்டாரின் கழுத்தில் கம்பியால் ஒரு தகரக் குவளை கட்டியிருக்கும். காசு போடுபவர் பக்கத்தில் வந்தால் காலடி ஓசையிலும், போட்டால் குவளையின் ஓசையிலும் தெரியும். இளைஞனாக ஆனபோது அவர் தேர்ந்த இசைஞராகியிருந்தார். பாடியதெல்லாம் வேதாகமப் பாடல்கள். போதகராக வேண்டும் என்பதுதான் சிறுவயது முதல் அவருடைய ஆசை.

மெட்டில்லாத வழி

இங்கே கொஞ்சம் நின்று, அவர் வாசித்த முறையைப் புரிந்துகொள்வோம். இது தெரிந்தால்தான் கேட்கும்போது ருசிக்கும்.

சாதாரணக் கிட்டாரில், நம் வீணையில் இருப்பதுபோல, மெட்டுகள் உண்டு. விரலால் தந்தியை அழுத்தினால் மெட்டுக்கு மெட்டு சுரம் படிப்படியாக மாறும். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. ஆனால் விரலுக்குப் பதில் ஒரு வழவழப்பான கடினப் பொருளை, எஃகுத் துண்டையோ புட்டிக் கழுத்தையோ பேனாக்கத்தியின் முதுகையோ, தந்தியின் மேல் லேசாக வைத்து நகர்த்தினால் என்ன ஆகும்? மெட்டு இருந்தும் இல்லாதது போலாகிவிடும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள எல்லா இடமும் திறந்துகொள்ளும். கிட்டார் பேசத் தொடங்கும்.

நமக்கு இது புதிதல்ல. கோட்டுவாத்தியம் என்றும் சித்திரவீணை என்றும் சொல்லும் வாத்தியத்தில் மெட்டே கிடையாது. கருங்காலிக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கித்தான் வாசிப்பார்கள். வடக்கே விசித்திரவீணையும் அப்படியே. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, எஃகுத் துண்டால் வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. இந்த வழியில் வந்ததுதான் மடிக்கிட்டார் என்று நாம் சொல்லக்கூடிய லாப் ஸ்டீல். இன்னொரு பக்கம், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குழந்தைகள் வீட்டுச் சுவரில் ஒற்றைக் கம்பியை ஆணியடித்துக் கட்டி, புட்டியை அதன்மேல் தேய்த்து வாசித்து வந்தார்கள். இந்த இரண்டு ஓடைகளும் ப்ளூஸ் இசையில் வந்து கலந்தன.

ப்ளூஸ் என்பது அந்த மக்களின் துயரமும் கேலியும் கலந்த பாட்டு. அதன் உயிர் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் இருக்கிறது. நம் முறையில் சொன்னால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் தொங்கும் ஒரு காந்தாரம். பியானோவில் அதற்குக் கட்டை இல்லை. வழுக்கி வாசிக்கும் கிட்டாரில் அதற்கு இடம் உண்டு. அழுகை தொண்டையில் வந்து நிற்குமே, அந்த இடம்.

ஜான்சன் ப்ளூஸ் பாடல் ஒன்றைக்கூடப் பதிவு செய்யவில்லை. எல்லாம் பக்திப் பாடல்கள். ஆனால் வாசிப்பு முழுக்க ப்ளூஸ்தான். அவர் கிட்டாரை மடியில் படுக்க வைத்தாரா, மார்போடு அணைத்துப் பிடித்தாரா, கையில் இருந்தது கத்தியா வளையமா என்று இசைஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தந்திகளை அவர் சேர்த்த முறை மட்டும் தெளிவாகக் காதில் விழுகிறது: தடித்த தந்தியிலிருந்து ச, ப, ச, க, ப, ச. எதையும் தொடாமல் மீட்டினாலே இசைவான ஒலி வரும். கட்டைவிரல் கீழ்த் தந்தியில் தம்பூராபோல் சுருதி போட, மேல் தந்தியில் சுரம் வழுக்கி ஏறும்.

இது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கொஞ்சம் அழுத்தினால் மெட்டில் இடிக்கும். கொஞ்சம் தளர்த்தினால் தந்தி கரகரக்கும். இடம் ஒரு நூலளவு தவறினாலும் அபசுரம். கண்ணால் பார்த்து இடம் பிடிப்பவர்களே தடுமாறும் வேலை இது. அவர் காதாலும் மணிக்கட்டாலும் பிடித்தார்.

டல்லாஸ், 1927 டிசம்பர் 3

கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்த ஆண்டு டல்லாஸ் நகரத்தில் தற்காலிகப் பதிவுக்கூடம் அமைத்து, வட்டாரப் பாடகர்களைத் தேடிப் பதிவு செய்தது. கறுப்பின மக்களுக்கு விற்பதற்கென்று தனி வரிசை எண்ணில் தட்டுகள் வெளியிட்ட காலம் அது. இசையிலும் தனிக் குவளை வைத்திருந்தார்கள். முப்பது வயது ஜான்சன் டிசம்பர் 3ஆம் தேதி உள்ளே போய் ஆறு பாடல்கள் பதிந்தார்.

நல்ல நேரம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை இசைத்தட்டுப் பதிவு என்றால் பெரிய கூம்புக் குழாயின் முன் நின்று கத்த வேண்டும். 1925இல்தான் ஒலிவாங்கி வைத்து மின்முறையில் பதியும் வழக்கம் வந்தது. அது வந்திராவிட்டால் அவருடைய மெல்லிய முனகல் தட்டில் ஏறியே இருக்காது.

அவருக்கு இரண்டு குரல்கள். ஒன்று தெருவின் இரைச்சலைத் தாண்டிக் கேட்பதற்காக உண்டாக்கிக்கொண்ட, சரளைக்கல் அரைபடுவது போன்ற கட்டைக் குரல். இன்னொன்று இயல்பான, மென்மையான குரல். ஆறு பாடல்களில் ஐந்தாவது சொற்களோடு போய்விடும். ஒன்றில் மட்டும் சொல்லே இல்லை.

அந்த ஒன்றின் பெயர் டார்க் வாஸ் தி நைட். இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவில், கெத்செமனே தோட்டத்தில் தனியாக மண்டியிட்டு வேண்டியதைப் பற்றி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு ஆங்கிலத் துதிப்பாடல் உண்டு. இருண்ட இரவு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அந்த ஊர்த் தேவாலயங்களில் ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் அதை இழுத்து முனகியே திருப்பிப் பாடும். ஜான்சன் அந்தச் சபை முழுவதையும் தன் கிட்டாருக்குள் கொண்டுவந்துவிட்டார். பாட்டு இல்லை, எடுத்துக் கொடுப்பதும் கிட்டார், திருப்பிச் சொல்வதும் கிட்டார், நடுவே வாய் திறக்காத குரல்.

முதல் தட்டு 15,000 படிகளுக்கு மேல் விற்றது. அந்தச் சந்தைக்கு அது பெரிய எண்ணிக்கை. கண் தெரியாத தெருப்பாடகர் கொஞ்ச காலம் தெரிந்த பெயராகிவிட்டார்.

திரும்பவும் தெருவுக்கு

1928இல் மீண்டும் டல்லாஸ், 1929இல் நியூ ஆர்லியன்ஸ், 1930 ஏப்ரலில் அட்லாண்டா என்று மேலும் மூன்று முறை பதிவு செய்தார். அட்லாண்டாவில் அவரோடு சேர்ந்து பாடியவர் மனைவி வில்லி பி. ஹாரிஸ். அவருடைய தெளிந்த குரலும் இவருடைய கரகரப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவதைக் கேட்கவே அந்தத் தட்டுகளைத் தேடலாம்.

நியூ ஆர்லியன்ஸில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். சுங்க அலுவலகக் கட்டடத்தின் முன் நின்று, சிம்சோன் தூண்களைச் சாய்த்த வேதாகமக் கதையை அவர் உரக்கப் பாடினார். கட்டடத்தை இடிப்பது பற்றிய அந்தப் பாட்டைக் கேட்டு, கூட்டத்தைக் கலகத்துக்குத் தூண்டுகிறார் என்று காவலர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். குரலின் வேகம் அப்படி.

ஆனால் 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. வேலை போன மக்களுக்கு இசைத்தட்டு வாங்கக் காசில்லை. நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வதை நிறுத்தின. 1930க்குப் பிறகு ஜான்சனை யாரும் பதிவுக்கு அழைக்கவில்லை. அவருடைய தட்டு வாழ்க்கை இரண்டரை ஆண்டுகள். மொத்தம் 30 பதிவுகள். அப்போது அவருக்கு வயது 33.

மீண்டும் தெரு. டெக்சாஸின் ஊர்களில் பாடிக்கொண்டே அலைந்தார். கடைசியில் பியூமாண்ட் நகரத்தில், ஆஞ்சலினோடு ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். அதையே ஜெபவீடாகவும் நடத்தினார். 1945ஆம் ஆண்டின் நகரப் பெயரேட்டில் அவர் பெயர் போதகர் என்ற அடைமொழியோடு இருக்கிறது. சிறுவயது ஆசை, நாலு சுவருக்குள் நிறைவேறியிருந்தது.

ஈரப் படுக்கை

அந்த ஆண்டே வீடு தீப்பிடித்து எரிந்தது. போக இடமில்லை. எரிந்து நின்ற வீட்டுக்குள்ளேயே இருவரும் தங்கினார்கள். தீயை அணைக்க ஊற்றிய தண்ணீரில் படுக்கை நனைந்திருந்தது. அதன்மேல் செய்தித்தாளை விரித்துப் படுத்தார்கள். ஈரம் ஏறி அவர் காய்ச்சலில் விழுந்தார். ஆஞ்சலின் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண் தெரியாதவர் என்று சொல்லி அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அவர் பின்னாளில் சொன்னது. கறுப்பினத்தவர் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்; காத்திருக்கும் அறை முதல் கல்லறை வரை நிறம் பார்த்துப் பிரித்த மாநிலம் அது.

1945 செப்டம்பர் 18 அன்று ஜான்சன் இறந்தார். வயது 48. இறப்புச் சான்றிதழில் மலேரியாக் காய்ச்சல் என்று இருக்கிறது. பிளான்செட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். எந்தக் குழி என்று இன்று அடையாளம் இல்லை.

இந்தப் பகுதியை நீங்கள் வாசிக்கும் இடம் நாலு சுவரும் கூரையும் உள்ள வீடாக இருக்கும். மழை நீர் மொட்டைமாடியில் ஒழுகுகிறது என்று பொதுக்குழுவில் மணிக்கணக்கில் பேசும் நமக்கு, ஈரப் படுக்கை என்ற இரண்டு சொல் எவ்வளவு கனமானது என்று விளக்க வேண்டியதில்லை.

தேடி வந்தவர்கள்

1952இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளிலிருந்து தொகுத்து வெளியிட்ட புகழ்பெற்ற நாட்டுப்புற இசைத் தொகுப்பில் ஜான்சனின் பாடல் ஒன்றும் இடம்பெற்றது. 1950களின் நடுவில் சாமுவேல் சார்ட்டர்ஸ் என்ற இளம் ஆய்வாளர் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு பியூமாண்ட் வந்து ஆஞ்சலினைக் கண்டுபிடித்தார். நமக்குத் தெரிந்த கதையில் பெரும்பகுதி அந்த அம்மாவின் நினைவிலிருந்து வந்தது. அவர் பேசாமல் போயிருந்தால் தட்டின் நடுவே அச்சிட்ட பெயரைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்காது.

பிறகு எரிக் கிளாப்டன், லெட் செப்பலின் போன்றோரின் தலைமுறை இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தது. 1984இல் வந்த பாரிஸ், டெக்சாஸ் என்ற திரைப்படத்துக்கு ரை கூடர் இசையமைத்தபோது, பாலைவனக் காட்சிகளுக்கு டார்க் வாஸ் தி நைட் பதிவைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். அதே ரை கூடர் பின்னர் நம் விஸ்வ மோகன் பட்டோடு ஒரே அமர்வில் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. பட் வாசிக்கும் மோகனவீணை, மடியில் படுக்க வைத்து எஃகால் வழுக்கி வாசிக்கும் கிட்டார்தான். அவருக்கு முன்பே பிரிஜ் பூஷன் கப்ரா அந்த முறையில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டியிருந்தார். பியூமாண்டில் நின்ற ஓடை, சுற்றிக்கொண்டு நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

தங்கத் தட்டு

1977இல் வாயேஜரில் வைக்கும் தட்டுக்கு இசை தேர்ந்தெடுக்க வானியலாளர் கார்ல் சேகன் தலைமையில் ஒரு சிறு குழு அமைந்தது. பாக், மோட்சார்ட், பேத்தோவன் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி சேர்ந்தது. விண்கலம் கிளம்பிய சில நாட்களில் அந்த அம்மையாரும் காலமானார். 55 மொழிகளில் வாழ்த்தும் சேர்த்தார்கள். கன்னடம், தெலுங்கு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. நம் மொழி ஏறாத கலத்தில் மொழியே இல்லாத பாட்டு ஏறியிருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஜான்சனின் பதிவு அந்தத் தட்டில் கடைசிக்கு முந்தியது. அதற்கு அடுத்து பேத்தோவனின் தந்திவாத்திய நால்வர் இசையோடு தட்டு முடிகிறது. இருட்டும்போது படுக்க இடமில்லாத நிலை மனிதன் தோன்றிய நாள் முதல் உள்ளது, அதைச் சொல்லும் இசை இது என்ற கருத்தில்தான் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பாடியவரின் கடைசி நாட்களோடு சேர்த்து நினைத்தால் அந்தக் காரணம் இன்னும் கனக்கிறது.

2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 சூரியக் காற்று வீசும் எல்லையைத் தாண்டியது. மனிதர் செய்த பொருள்களில் பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அதுதான். 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கிருந்து கிளம்பும் வானொலிச் சமிக்ஞை நம்மை அடைய 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மே, ஜூன் மாத நள்ளிரவில் விருச்சிகத்துக்கு வடக்கே, பாம்பைத் தாங்குபவன் என்று பெயர் பெற்ற விண்மீன் கூட்டத்தைப் பாருங்கள். கலம் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. நம் மொட்டைமாடியில் வாகன நிறுத்துமிடத்து விளக்கும் பிரதான சாலை விளக்கும் சேர்ந்து அந்த வானத்தை வெளுத்துவிடுகின்றன. ஜவ்வாது மலையில் தெரியும். அந்த இருட்டுக்காகத்தான் அங்கே ஆய்வகமே வைத்தார்கள்.

பியூமாண்டில் அவருடைய வீடு இருந்த இடத்தில் 2010இல் மாநில அரசின் வரலாற்றுப் பலகை வைக்கப்பட்டது. இறந்து 65 ஆண்டுகள் கழித்து.

எப்படிக் கேட்பது?

டார்க் வாஸ் தி நைட், மூன்று நிமிடம் இருபது விநாடி. அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் நேரம் அவ்வளவுதான். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவில்லாமல், காதுக்கருவி போட்டுக்கொண்டு கேளுங்கள். முதலில் தட்டின் இரைச்சல் உறுத்தும். அரை நிமிடத்தில் மழைச் சத்தம்போல் பின்னால் போய்விடும்.

முதல் முறை சும்மா கேளுங்கள். தாளத்தைத் தேட வேண்டாம். ஆலாபனைக்குத் தாளம் தேடுவீர்களா?

இரண்டாம் முறை கிட்டாரை மட்டும் கவனியுங்கள். சுரத்தின் மேல் நேராகப் போய் உட்காராமல், கீழிருந்து வழுக்கி ஏறி, வந்து சேர்ந்ததும் மணிக்கட்டின் சிறு நடுக்கத்தால் அதை அசைத்து நிறுத்துவார். நம் கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். சில இடங்களில் சுரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே அணைந்துவிடும். அந்த அணைதலும் வாசிப்புதான்.

மூன்றாம் முறை குரலையும் கிட்டாரையும் பிரித்துப் பாருங்கள். குரல் தொடங்கிய முனகலைக் கிட்டார் முடிக்கும். கிட்டார் தொங்கவிட்டதைக் குரல் எடுத்துக்கொள்ளும். சில விநாடிகளுக்கு எது எது என்று தெரியாது. வழுக்கி வாசிக்கும் கிட்டாரின் தொனி நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்: தந்தி தொண்டையாகிவிட வேண்டும். வேகமோ விரல் வித்தையோ இங்கே கிடையாது. ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்கிறார், எப்போது விட்டுவிடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிட்டார் வகுப்புக்குப் போகும் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. தந்திகளைச் ச, ப, ச, க, ப, ச என்று சேர்த்து, வழவழப்பான சிறு கண்ணாடிக் குப்பியைத் தந்தியில் லேசாக வைத்து, மெட்டுக் கம்பியின் நேர் மேலே நிறுத்தி மீட்டிப் பாருங்கள். குப்பிக்குப் பின்னால் இன்னொரு விரலால் தந்தியைத் தொட்டுக்கொண்டால் தேவையற்ற ஓசை அடங்கும். ஒரு வாரம் கரகரக்கும். அப்புறம் ஒருநாள் திடீரென்று பாடும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. மின்சார ரயிலில் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னே போகும் துணையின் தோளைப் பிடித்தபடி பாடிக்கொண்டு வருவார்களே, அவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் பார்வையைக் கைப்பேசியில் புதைத்துக்கொள்கிறோம், அல்லது பாட்டு முடியுமுன் சில்லறையை நீட்டி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் எல்லோரும் ஜான்சன் அல்ல. ஆனால் பியூமாண்ட் தெருவில் ஜான்சனைக் கடந்து போனவர்களுக்கும் அவர் ஜான்சன் என்று தெரியாது. அடுத்த முறை காசு போடுகிறீர்களோ இல்லையோ, பாட்டை முடிவு வரை கேளுங்கள்.